சிலுப்பாத கிடா

ஊசிய கொஞ்சம் உள்ள வையுங்க டாக்டரம்மா. போடலாம், போடாம எங்க போவப்போறோம். நீங்க கேட்டியள்லா, "இது வெட்டுத கிடாவா, வளக்குத கிடாவா"ன்னு? அதுக்கு ஒத்த வார்த்தையில பதில் சொல்ல ஏலாது. வெட்டுத கிடான்னு சொன்னா ஒரு வில்லங்கம், வளக்குத கிடான்னு சொன்னா இன்னொரு வில்லங்கம். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஏளா, டாக்டரம்மாவுக்கு ஒரு காப்பி போடு. சீனி கம்மியாவா? சரி, கம்மியா போடுளா.

கட்டிக் கெடக்கது என் வீட்டு வேம்புல. ஆனா கிடா என்னுது இல்ல, கொம்பையாவோடது. இந்தா, செவுத்துக்கு அந்தப் பக்கம் மாவு மில்லு ஓடுத சத்தம் கேக்குல்லா, அது அவன்தான். எனக்கு உரக்கடை, அவனுக்கு மில்லு. சின்ன வயசுலருந்தே கூட்டாளி. அவன் சாப்பிட்டானான்னு கேக்காம நான் சாப்பிட்டது கெடையாது. சண்டை போட்ட நாள்லயும் கேட்டுட்டுத்தான் சாப்பிடுவேன், அதுவும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு.

போன வருசம் அவனுக்குக் கொடல்ல கட்டின்னு சொல்லி ஆபரேசன். டாக்டருமாரு ஒருத்தரும் உறுதியாச் சொல்லல. "பாப்போம், பாப்போம்"ன்னாவ. அந்தப் "பாப்போம்" இருக்கே, அதக் கேட்டா கல்லுக்கே பேதியாவும். நான் ஆசுபத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டே எங்க சுடலைமாடசாமிகிட்ட நேந்துக்கிட்டேன். "அவன் பொழைச்சி வீட்டுக்கு வந்துட்டாம்னா ஒனக்கு ஒரு கருங்கிடா"ன்னு. பொழைச்சிட்டான். அப்பம் குடுக்கணுமா இல்லியா? சாமிகிட்ட வாக்குத் தப்பலாமா?

குட்டியா வாங்கி அவன் கையிலயே குடுத்தேன். உசிரு பொழைச்சவன் கையால தண்ணி குடிச்சி வளரணும், அதுதான் முறை. டாக்டரு அவன காலையிலயும் சாயங்காலமும் நடக்கச் சொல்லியிருந்தாரு. அவன் இதக் கயித்துல புடிச்சிட்டு நடந்தான். கொஞ்ச நாள்ல கயிறு இல்லாமலே ரெண்டும் நடந்துது. அவன் நின்னா இது நிக்கும், இது மேஞ்சா அவன் நிப்பான். அதோட விட்டானா, துரைன்னு பேரு வேற வச்சிட்டான். நேர்ச்சக் கிடாவுக்கு எவனாவது பேரு வைப்பானா? "என்னலே இது"ன்னா, "கூப்பிடதுக்கு ஒரு வார்த்த வேணும்லா"ங்கான். சரி, சாமிக்குக் குடுக்கத மரியாதையா பேரு வச்சி வளக்கான், என்ன பக்தின்னு நான் நெனைச்சிக்கிட்டேன்.

சித்திர மாசம் ஒரு வெள்ளிக்கெழமையா குறிச்சோம். ஆத்தங்கரையில கோயிலு. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சி. என் வீட்டுக்காரி மசாலா அரைச்சி உருட்டி வச்சிட்டா. பூசாரி சொள்ளமுத்து கச்சையெல்லாம் கட்டி ரெடி. கிடாவ தாமிரவருணியில எறக்கி, மாலையப் போட்டு, மஞ்சத்தண்ணி ஊத்துதோம். நீங்க ஆட்டு டாக்டரு, ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்லுதேன். தண்ணி ஊத்துனா கிடா ஒடம்பச் சிலுப்பணும். சிலுப்புனா சாமி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம், உத்தரவு குடுத்தாச்சின்னு அர்த்தம். சிலுப்பலன்னா ஒருத்தனும் அருவாளத் தொடப்படாது.

ஊத்துனோம். நிக்கி. சும்மா நிக்கி. இன்னொரு கொடம் ஊத்துனோம். அசை போடுது. பூசாரிக்கு அருள் வந்து ஆடுதாரு, "ஏய்ய்ய்"ன்னு ஒரு சத்தம் குடுக்காரு, எனக்கே ஒடம்பு தூக்கிவாரிப் போடுது, அது திரும்பி அவரப் பாத்துச்சி பாருங்க ஒரு பார்வை. மேல் அதிகாரி கீழ உள்ளவனப் பாக்க மாதிரி. பேரு வச்ச ராசி.

அப்பம்தான் நான் பாக்கேன், அதுக்கு ரெண்டு காதுலயும் பஞ்சு. "என்னலே கொம்பையா"ன்னேன். "காதுல சீழுலே. தண்ணி போனா துடிச்சிப்போவும்"ங்கான். பாத்தியளா? இன்னும் செத்த நேரத்துல போவப்போற உசிரு, அதுக்குக் காது வலிக்கப்படாதாம். அதுதாம்மா கொம்பையா. மனசு அப்பிடி. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துட்டு.

ஏம்மா சிரிக்கிய? இல்ல, சிரிச்சிய. நான் பாத்தேன். சரி, காப்பியக் குடிங்க.

வெயிலு ஏறிட்டு. வந்த சனம் பூவரச நெழல்ல உக்காந்து ஒண்ணுகெடக்க ஒண்ணு பேச ஆரம்பிச்சிட்டு. "நேந்தவன் மனசு சரியில்ல போல"ன்னு ஒருத்தி. எனக்குச் சுருக்குன்னுது. மனசு சரியில்லாமலா நேருவேன்? எனக்குள்ள பயம் என்னன்னா, சாமி கிடாவ வாங்கல, அப்பம் குடுத்தத திருப்பிக் கேட்டுருவாரோ? குடுத்தது என்னது, கொம்பையா உசிரு. அவன் என்னடான்னா துண்டால கிடாவுக்கு முதுகத் தொடைச்சிக்கிட்டு இருக்கான்.

எங்க இன்னொரு கூட்டாளி வானமாமலை, ரேடியோ செட்டு வச்சிருக்கவன், அவன்தான் வாயத் தொறந்தான். "ஏலே தளவா, இந்த ஆத்துத் தண்ணி சித்திர வெயில்ல கஞ்சி மாதிரி கெடக்கு. இதுல எவன் சிலுப்புவான்? கடல் தண்ணியில முக்குனா உப்பு அரிக்கும்லா. அரிச்சா சிலுப்பித்தான ஆவணும்?" நியாயமாத்தான பட்டுது. பூசாரியக் கேட்டேன். அவரு மூச்சு வாங்கிக்கிட்டே, "எந்தத் தண்ணியானா என்னவே, சாமிக்கு ஆறு என்ன கடலு என்ன. மாலையும் திருநீறும் கலையாமப் பாத்துக்கிடும். சிலுப்புன ஒடனே போன் போடும்"னாரு. அவருக்கும் உக்காரணும்.

வானமாமலை ஜீப்புல ஏறிட்டோம். வீட்டுல சொல்லல, மாத்து வேட்டி எடுக்கல. ஜீப்புக்கு மேல ரெண்டு கொழா ஸ்பீக்கரு. முந்துன நாளு எவனுக்கோ போர்வை வியாபாரத்துக்கு விளம்பரம் ஓட்டிருக்கான், அந்த வயரு எங்கயோ லூசு. ஒவ்வொரு குழியில எறங்கும்போதும் அது தானா பேசும். "வாங்கம்மா வாங்க, ரெண்டு போர்வை எடுத்தா மூணாவது போர்வை இலவசம்!" சித்திர வெயிலு, போர்வை, முன்னால ரெண்டு பேரு, பின்னால மாலை போட்ட கிடாவும் கொம்பையாவும். ஒரு ஊருல எங்கள கட்சிக்காரங்கன்னு நெனைச்சி ஒருத்தர் கும்பிட்டாரு. வானமாமலை திருப்பிக் கும்பிட்டான். "நம்ம வேட்பாளரு பின்னால இருக்காரு"ன்னான். அவரு எட்டிப் பாத்து கிடாவையும் கும்பிட்டாரு.

கடக்கரைக்குப் போய்ச் சேருமுன்ன துரை பாதி மாலையத் தின்னுட்டு. "திங்க விடாதலே"ன்னா, கொம்பையா, "பசிக்கும்லா"ங்கான்.

கடலுல எறக்குனோம். அல வருது, இவன் என்ன செய்தான், கிடாவத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டான். அல இவன் மேல அடிக்கி, கிடா மேல நின்னு வேடிக்க பாக்குது. "எறக்கி விடுலே கோட்டிப்பயலே"ன்னு நான் கத்துதேன். எறக்கி விட்டாலும் ரெண்டு கையையும் அது காது மேலதான் வச்சிருக்கான். சீழு. கழுத்து வர நனைச்சாச்சி. ஒரு சிலுப்பு? ம்ஹூம்.

போர்வை சத்தம் கேட்டு சனம் கூடிட்டு. போர்வை இல்லன்னதும் பாதி சனம் போயிட்டு. மீன் காயப்போட்டுக்கிட்டு இருந்த ஒரு அம்மா மட்டும் இடுப்புல கைய வச்சிட்டு நிக்கா.

"ஆட்டக் குளிப்பாட்டவா இம்புட்டுத் தூரம் வந்திய?"

"குளிப்பாட்ட இல்லம்மா. அது சிலுப்பணும்."

"சிலுப்புனா?"

"வெட்டுவோம்."

"சிலுப்பலன்னா?"

"வெட்ட மாட்டோம்."

அந்த அம்மா துரையக் கொஞ்ச நேரம் உத்துப் பாத்தா. "அப்பம் ஒங்க மூணு பேரவிட அது வெவரமாத்தான் இருக்கு"ன்னுட்டுப் போயிட்டா. நான் கிடாவுக்கு நடுங்குதான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கேன், வானமாமலை, "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு"ன்னு சிரிக்கான். எனக்குக் கோவம். நான் எவன் உசிருக்காவ இந்தப் பாடு படுதேன்?

ஆனா ஒண்ணு சொல்லணும்மா. கரையில நொங்கு வித்தாவ. வாங்கி உறிஞ்சிட்டு, வேட்டிய மடிச்சிக் கட்டிட்டு மூணு பேரும் அலையில நின்னோம். துரை நொங்குத் தோலத் தின்னுக்கிட்டு நிக்கி. கொம்பையா வெரலால தண்ணியத் தெளிச்சி என் மூஞ்சியில அடிச்சான். நான் அவன் மேல அடிச்சேன். அவன் சிரிச்சான் பாருங்க, வயித்தப் புடிச்சிட்டு, தையலு போட்ட எடத்தப் புடிச்சிட்டு. ஆபரேசனுக்குப் பொறவு அவன் அப்பிடிச் சிரிச்சி நான் பாக்கல. எனக்கு நெஞ்சு நெறைஞ்சி போச்சி. இந்தச் சிரிப்பு நெலைக்கணும்னா இந்தக் கிடா சிலுப்பணுமேன்னு அப்பவும் அதுதான் எனக்கு.

அந்த நேரம் பாத்து வீட்டுக்காரி போனு. "மசாலா காயுது. வந்தவிய பசியில இருக்காவ. சிலுப்புச்சா இல்லியா?" "இல்ல." "இப்பம் எங்க இருக்கிய?" "கடலுல." அதுக்குப் பொறவு அவ சொன்னத ஒங்ககிட்டச் சொல்ல முடியாது. இந்தா உள்ளதான் நிக்கா, நீங்களே கேட்டுக்கிடுங்க.

வானமாமலை சொன்னான், "கடலும் கொதிச்சிப்போய்த்தான் கெடக்கு. மலைத்தண்ணிதான் ஐசு மாதிரி இருக்கும்." ஆறு ஆச்சு, கடலு ஆச்சு, மலை மட்டும் என்ன பாவம் பண்ணிச்சி? ஏறுலேன்னேன். கொம்பையா "வேண்டாம்"னு ஒரு வார்த்த சொன்னானா? காலையிலருந்து அப்பிடி ஒரு வார்த்த சொல்லல. கிடா தலையில கைய வச்சிக்கிட்டு வெளிய பாத்துட்டே வந்தான். ஒரு தடவ மட்டும் கேட்டான், "தளவா, சாமி நெசமாவே வேண்டாம்னு சொன்னா நீ விட்டுருவியாலே?" "சாமி எதுக்கு வேண்டாம்னு சொல்லப்போறாரு, நீ சும்மா இரு"ன்னேன். சும்மா இருந்தான்.

மலையடிவாரத்துல காட்டுக்குப் போற ரோட்டுல இரும்புக் கேட்டுப் போட்டு நிறுத்துனாவ. காக்கிச் சட்டை போட்ட தம்பி ஒருத்தரு, நல்ல பிள்ள. "ஆட்டை உள்ள கொண்டு போகக் கூடாது சார். சிறுத்தை நடமாட்டம் இருக்கு."

வானமாமலை கேட்டான். "சிறுத்தையப் பாத்தா ஆடு சிலுப்புமா சார்?"

"சிலுப்புறதுக்கு ஆடு இருக்காது சார்."

நல்ல வேளையா கேட்டுக்கு இந்தப் பக்கமே ரோட்டோரமா ஒரு ஓடை. பாறையில விழுந்து வருது, காலு வச்சா எலும்பு வர ஏறுது. நான் முடிவு பண்ணிட்டேன், இந்தத் தடவ நானே புடிச்சி முக்குவேன்னு. கயித்தப் புடிச்சி இழுத்தேன். கொம்பையா பாஞ்சி வந்து கிடாவ அணைச்சிக்கிட்டான். நான் இழுக்க, அவன் அணைக்க, பாசிப் பாறை, ரெண்டும் ஒண்ணா உள்ள போயிட்டு. ஆளும் கிடாவும் கழுத்து வரத் தண்ணிக்குள்ள. தலையில ஓடை விழுது.

மேல ஏத்துனோம். கிடா நிக்கி, சொட்டச் சொட்ட. நான் மூச்ச அடக்கிட்டுப் பாக்கேன். அசையல. சும்மா நிக்கி. கொம்பையாவப் பாக்கேன். அவனுக்கு ஒதடு நீலம். தோளு ஆடுச்சி. பொறவு நெஞ்சு. பொறவு உச்சியிலருந்து உள்ளங்கால் வர ஒரு சிலுப்பு சிலுப்புனாம்மா, தலையில இருந்த தண்ணியெல்லாம் சுத்திச் செதறுது.

"உத்தரவு வந்துட்டுலே!"ன்னான் வானமாமலை. அந்தப் பய விளையாட்டுக்குத்தான் சொன்னான். எனக்கு அது விளையாட்டாப் படல.

பூசாரிக்குப் போன் போட்டேன். "சிலுப்பியாச்சா?"ன்னாரு. "சிலுப்பியாச்சி வே"ன்னேன். "சந்தோசம், அடுப்பப் பத்தவைக்கச் சொல்லவா?" "சிலுப்புனது கிடா இல்ல வே. கொம்பையா." அவரு பையக் கேட்டாரு, "கிடாவ தொட்டுக்கிட்டு இருக்கும்போதா?" "கட்டிப் புடிச்சிக்கிட்டு இருக்கும்போது." "ரெண்டு தலையிலயும் ஒரே தண்ணியா?" "ஒரே தண்ணி." "அப்பம் சாமி ஆளத்தான கேக்காரு வே"ன்னுட்டாரு.

நான் ரோட்டுலயே உக்காந்துட்டேன். மானம் மருவாதையெல்லாம் பாக்கல, ஓன்னு அழுதேன். "கேட்டுச் சொல்லும் வே, வேற என்னமும் குடுக்கேன்னு கேட்டுச் சொல்லும் வே." கொம்பையா நடுங்கிக்கிட்டே வந்து என் முதுகத் தடவுதான். "எனக்கு ஒண்ணும் இல்லலே, குளிருதாம்லே"ங்கான். அவனுக்கு என்ன தெரியும்!

பூசாரி திருப்பிக் கூப்பிட்டாரு. குறி கேட்டாராம். சாமி சொன்னது இதுதான். ஆளும் கிடாவும் ஒரே தண்ணியில நனைஞ்சி ஆளு சிலுப்பிட்டதால, ரெண்டும் இனிமே ஒரே உசிரு. கிடாவ வெட்டுனா ஆள வெட்டுன மாதிரி. தொடப்படாது. ஆனா இன்னைக்கிப் பொழுது அடையுததுக்குள்ள கிடாவே சிலுப்பிட்டுன்னா இந்தப் பேச்சு செல்லாது, பழைய நேர்ச்ச அப்பிடியே நிக்கும், வெட்டித்தான் ஆவணும்.

இப்பம் புரியுதா, நான் எதுக்கு ஒங்களுக்கு அத்தன தடவ போன் போட்டேன்னு? போன வாரம் இது லேசா தும்முச்சி. நான் ஓடிப்போயி மில்லுல கொம்பையாவுக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாத்தேன். கொம்பையா இருமுனா வந்து இதுக்குக் கொள்ளு வைக்கேன். தெருவுல ஆட்டுக்கொல்லி நோவுன்னு சொன்னாவ, எனக்கு ராவெல்லாம் ஒறக்கம் இல்ல. அதான் வெட்டுத கிடாவான்னு நீங்க கேட்டதும் எனக்குப் பதறிட்டு.

மிச்சத்தையும் கேட்டுருங்க, ஊசி எங்க போவப்போவுது.

திரும்பி வாரோம். பொழுது இன்னும் மலைக்கு மேல ஒரு பனமர ஒசரத்துல நிக்கி. ஜீப்புக்குள்ள போர்வை மட்டும் பேசிட்டு வருது. இந்தத் தடவ நானும் பின்னாலதான், கொம்பையா பக்கத்துல. காலுக்கெடையில துரை. கொம்பையா அது காதத் தடவிப் பாத்துட்டு, "பஞ்சு ஊறிப்போச்சிலே, உள்ள கெடந்தா அழுகிரும்"ன்னு ரெண்டையும் எடுத்து வெளிய எறிஞ்சான். சாமி பேச்சக் கேட்டதுலருந்து அவனுக்கு மனசு லேசாயிட்டு, அதுல பொழுது இன்னும் அடையலங்கத மறந்துட்டான். பஞ்ச எடுத்ததும் காது ரெண்டையும் அது ஒரு மாதிரி மடக்குச்சி.

அப்பம்தான் மழை பெஞ்சிது.

ஆமாம்மா, மழைதான். ஜீப்புக்குள்ளதான் பெஞ்சிது. என் மூஞ்சி, சட்ட, மூக்குக்கண்ணாடி எல்லாம் தண்ணி. கொம்பையா மூஞ்சியிலயும் தண்ணி. முன்னால ஓட்டிட்டு இருந்த வானமாமலை பின்கழுத்துலயும் தண்ணி. வானத்துல பொட்டு மேகம் கெடையாது. ரோட்டுல புழுதி பறக்கு. துரை நடுவுல நிக்கி, மேல் முடியெல்லாம் முள்ளு மாதிரி நட்டமா நிக்கி.

கொம்பையா என்னப் பாத்தான். ஆசுபத்திரியில அவன உள்ள தள்ளிட்டுப் போவும்போது கதவு மூடுத வர என்னையே பாத்துக்கிட்டுப் போனாம்மா. அதே பார்வை. கிடா கழுத்துல இருந்த அவன் கை இறுகிச்சி.

நான் துண்ட எடுத்து மூஞ்சியத் தொடைச்சேன். "கோட மழைலே. சொல்லாமக் கொள்ளாம வருது பாரு"ன்னேன்.

வானமாமலை திரும்பிப் பாக்கல. கைய நீட்டி வைப்பரப் போட்டான். காஞ்ச கண்ணாடியில அது கர்ரு கர்ருன்னு இழுக்கு. எதுக்க வாரவனெல்லாம் எங்களப் பாத்துட்டுப் போறான். ஊரு வார வர அவன் அத நிப்பாட்டல, நாங்களும் நிப்பாட்டச் சொல்லல.

ஏம்மா அப்பிடிப் பாக்கிய? மழைதாம்மா. மாடசாமியே வந்து இந்த ஸ்டூல்ல உக்காந்து கேட்டாலும் நான் மழைன்னுதான் சொல்லுவேன்.